பதினைந்து வயது நட்சத்திரத்தைப் பார்த்துப் பதினைந்து வயது ரசிகர் என்ன கற்றுக்கொள்கிறார்?

பதினாறு வயதுப் பாடகரோ நடிகையோ ஏடாகூடமாக ஏதாவது செய்துவிட்டால் போதும், உடனே ஒரு பேச்சு கிளம்பிவிடும். "இவங்களைப் பார்த்துத்தானே பிள்ளைங்க கெட்டுப்போறாங்க" என்று ஒரு தரப்பு. "அவங்களும் பிள்ளைங்கதானே, விட்டுடுங்க" என்று இன்னொரு தரப்பு. அதே வயதில் ஒருவர் உலக அளவில் ஒரு பட்டத்தை வென்றுவிட்டாலோ, முதல் தரப்பே வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "பார், உன் வயசுதான்" என்று காட்டும். ஆக, நட்சத்திரம் நல்லது செய்தால் முன்மாதிரி, தப்புச் செய்தால் கெட்ட சகவாசம். இரண்டு பேச்சிலும் கோபமோ பெருமையோ இருக்கிறதே தவிர, பார்க்கிற பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்பது இல்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

இது பழைய சண்டைதான். 1993-இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் சார்லஸ் பார்க்லி ஒரு காலணி விளம்பரத்தில் தோன்றி, தான் யாருக்கும் ரோல் மாடல் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பந்தைக் கூடைக்குள் போடத் தெரிந்திருப்பதற்காக ஊரார் பிள்ளையை நான் வளர்க்க வேண்டுமா என்பது அவர் வாதம். சக வீரர் கார்ல் மலோன் அதை ஏற்கவில்லை. ரோல் மாடலாக இருப்பதா வேண்டாமா என்பதை நாம் தீர்மானிப்பதில்லை, நம்மைப் பார்ப்பவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள் என்றார். இருவருக்கும் அப்போது ஏறக்குறைய முப்பது வயது. முப்பது வயதுக்காரர்களுக்கே தீராத வழக்கை நாம் பதினைந்து வயதுக்காரர்களின் தலையில் வைத்திருக்கிறோம்.

இது யாரும் கொடுக்கிற பதவி இல்லை

ரோல் மாடல் அல்லது முன்மாதிரி என்றால், ஒருவருடைய நடத்தையைப் பார்த்து இன்னொருவர் தன் நடத்தையை அமைத்துக்கொள்கிறார் என்று பொருள். அவ்வளவுதான். அதில் "நல்லவர்" என்ற நிபந்தனை கிடையாது.

அக்கா சைக்கிள் ஓட்டுவதைத் தம்பி பார்க்கிறான் என்று வையுங்கள். சமநிலையாக உட்காருவதைக் கற்றுக்கொள்கிறான், வளைவில் சாய்வதைக் கற்றுக்கொள்கிறான். தெருமுனை வந்ததும் அக்கா இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுவாள், அதையும் கற்றுக்கொள்கிறான். அக்காவை யாரும் ஆசிரியராக நியமிக்கவில்லை. "இதைப் பார், அதைப் பார்க்காதே" என்று பிரித்தும் யாரும் கொடுக்கவில்லை. ஆனால் தம்பி அவளுடைய எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதும் இல்லை. அவள் கணக்கில் வாங்கும் மதிப்பெண் அவனுக்கு ஒட்டுவதே இல்லை! துண்டு துண்டாகத்தான் எடுக்கிறான். எந்தத் துண்டு ஒட்டும், எது ஒட்டாது என்பதற்குச் சில விதிகள் இருக்கின்றன.

எனவே "நட்சத்திரங்கள் முன்மாதிரியாக இருக்கலாமா" என்று கேட்பது, மழை பெய்யலாமா என்று கேட்பது போலத்தான். அது எப்படியும் நடக்கும். எந்தத் துண்டு, எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்டால்தான் பேச்சு நகரும்.

பார்த்துக் கற்பதன் நான்கு படிகள்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவும் 1961-இல் ஒரு சோதனை செய்தார்கள். காற்றடைத்த ஒரு பெரிய பொம்மையை ஒரு பெரியவர் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் சிறு குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அதே பொம்மையுடன் விடப்பட்டபோது, பலர் அந்தப் பெரியவர் செய்ததை அப்படியே செய்தார்கள், அவர் சொன்ன சொற்கள் உட்பட. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, செய்தால் பரிசு தருவதாகவும் சொல்லவில்லை.

இப்படிப் பார்த்தே கற்பதற்கு நான்கு படிகள் உண்டு என்று பண்டூரா பின்னர் விளக்கினார். முதலில் கவனம் போக வேண்டும். அடுத்து, பார்த்தது நினைவில் நிற்க வேண்டும். மூன்றாவது, அதைத் தானும் செய்ய முடிய வேண்டும். நான்காவது, செய்ய ஒரு காரணம் வேண்டும்.

நட்சத்திரங்களுக்கு முதல் இரண்டு படிகளும் இலவசம். கவனம் அவர்கள் மேல்தான் இருக்கிறது, ஒரே காட்சி நூறு முறை கண்ணில் படுவதால் நினைவும் நிற்கிறது. வடிகட்டுவது மூன்றாவது படிதான். இதை நாம் பேசுவதே இல்லை.

இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2018 ஆகஸ்டில் பதினைந்து வயது கிரேட்டா துன்பர்க் காலநிலை மாற்றத்தைத் தடுக்க நடவடிக்கை கேட்டு, பள்ளிக்குப் போகாமல், ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் வெளியே கையால் எழுதிய ஒரு பலகையோடு தனியாக உட்கார்ந்தார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அதைத் தொடர்ந்தார். 2024 டிசம்பரில் பதினெட்டு வயது குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்து உலகச் சதுரங்க சாம்பியன் ஆனார். ரசிகர்கள் இருவரையும்தான் கொண்டாடினார்கள். ஆனால் கிரேட்டா செய்ததைச் செய்ய ஒரு அட்டையும் ஒரு வெள்ளிக்கிழமையும் போதும். அதனால்தான் அடுத்த சில மாதங்களில் பல நாடுகளின் மாணவர்கள் அதையே செய்தார்கள். குகேஷ் செய்ததைப் பார்த்து அப்படியே செய்ய முடியாது. அதில் எடுத்துக்கொள்ள முடிந்தது தினமும் சதுரங்கப் பலகையின் முன் உட்காருவது மட்டும்தான், அதுவோ கேமராவில் பெரும்பாலும் வருவதில்லை.

இதில் ஒரு சங்கடமான விளைவு இருக்கிறது. ஒரு நட்சத்திரத்தின் வாழ்க்கையில் எளிதில் செய்யக்கூடியவை எவை? தலைமுடி, உடை, பேச்சுத் தோரணை, உணவுக் கட்டுப்பாடு, ஆபத்தான ஒரு சவால் வீடியோ. கடினமானவை எவை? பயிற்சி, பொறுமை, தோற்ற பிறகு திரும்பவும் உட்காருவது. நல்லதைவிடக் கெட்டது வேகமாகப் பரவுகிறது என்று பெரியவர்கள் புலம்புவதில் பாதி உண்மைதான், ஆனால் காரணம் பிள்ளைகளின் குணமில்லை. எளிதானது ஒட்டுகிறது, அவ்வளவே.

தண்டனையைப் பார்த்தால் மறந்துவிடுமா?

நட்சத்திரம் தப்புச் செய்தாலும் அதற்கான தண்டனையைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்தானே, அதுவே பாடமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பண்டூரா இதையும் சோதித்தார். 1965-இல் வெளியான ஆய்வில், பொம்மையை அடித்தவருக்குச் சில குழந்தைகள் பார்த்த படத்தில் பாராட்டு கிடைத்தது, சிலர் பார்த்த படத்தில் திட்டு கிடைத்தது, மற்றவர்கள் பார்த்த படத்தில் எதுவுமே நடக்கவில்லை. திட்டு வாங்கியதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைத் திருப்பிச் செய்தார்கள். இதுவரை நாம் எதிர்பார்த்ததுதான்.

அப்புறம் ஆராய்ச்சியாளர்கள், பார்த்ததைச் செய்துகாட்டினால் சின்னப் பரிசு தருவதாகச் சொன்னார்கள். மூன்று குழுக்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு காணாமல் போனது. தண்டனையைப் பார்த்தவர்களும் எல்லாவற்றையும் கற்றுத்தான் வைத்திருந்தார்கள், வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

கற்பது வேறு, செய்வது வேறு. நட்சத்திரத்தின் வீழ்ச்சியைப் பார்த்த பிள்ளை அந்த நடத்தையை மறப்பதில்லை. பயனிருக்கும் இடம் வந்தால் அது வெளியே வரலாம். நடைமுறையில் இன்னொன்றும் நடக்கிறது: திட்டு வாங்கிய நட்சத்திரத்துக்கு அதே வாரத்தில் பின்தொடர்பவர்கள் கூடிவிட்டால், பிள்ளையின் கணக்கில் அது தண்டனையே இல்லை.

சுருக்கமாக: பிள்ளைகள் ஒரு ஆளை முழுதாக நகலெடுப்பதில்லை. கண்ணில் படுவதும், தங்களால் செய்ய முடிவதும், பயன் தருவதுமான துண்டுகளையே எடுக்கிறார்கள்.

இவ்வளவு நெருக்கம் எங்கிருந்து வருகிறது?

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே, தொலைக்காட்சி பரவிக்கொண்டிருந்த காலத்தில், ஒன்றைக் கவனித்தார்கள். திரையில் வருபவர் நேராகப் பார்த்துப் பேசுவதால், பார்ப்பவருக்கு அவரோடு பழகிய உணர்வு வந்துவிடுகிறது. அவருக்கோ இவர் யாரென்றே தெரியாது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் பாராசோஷியல் உறவு, அதாவது ஒருதலை நெருக்கம்.

இது நோய் ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கும் உண்டு. ஆனால் அன்று ஸ்டுடியோவில் இருந்து பேசியவர் இன்று தன் படுக்கையறையிலிருந்து, மேக்கப் இல்லாமல், அழுதுகொண்டேகூடப் பேசுகிறார். நண்பர் பேசுவதும் நட்சத்திரம் பேசுவதும் ஒரே கைப்பேசியில், ஒரே அளவுக் கட்டத்தில், அடுத்தடுத்து வருகின்றன. வயதும் ஒன்றாக இருந்துவிட்டால் அந்தக் கோடு இன்னும் மங்கிவிடும்.

"உன் வயசுதான்" என்பதில் இருக்கும் முள்

ஒரே வயது என்பது இரண்டு பக்கமும் கூரான கத்தி. பிரச்சினையின் நடுவே இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் நல்ல பக்கம். தன்னைப் போன்ற ஒருவர் ஒன்றைச் செய்து முடிப்பதைப் பார்த்தால், "என்னாலும் முடியும்" என்ற எண்ணம் வலுப்படும். இதைச் சுயதிறன் நம்பிக்கை என்கிறார்கள். மலாலா யூசுஃப்சாய் 2014-இல் பதினேழு வயதில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றபோது, ஒரு பள்ளி மாணவியின் பேச்சை உலகம் நின்று கேட்கும் என்பதைப் பல பள்ளி மாணவிகள் முதன்முறையாகக் கண்டார்கள். அறுபது வயதுத் தலைவர் ஒருவரால் அந்தச் செய்தியை அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

இப்போது மறுபக்கம். பெனலபி லாக்வுட், ஜீவா குண்டா ஆகிய உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணக்கியல் படிக்கும் மாணவர்களுக்கு, அதே துறையில் நான்காம் ஆண்டு படிக்கும் மிகச் சிறந்த மாணவர் ஒருவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அது உற்சாகம் கொடுத்தது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கவில்லை. படித்தது ஒரே கதைதான். முதலாம் ஆண்டு மாணவருக்கு எட்டிப்பிடிக்கக் காலம் மிச்சமிருந்தது, நான்காம் ஆண்டு மாணவருக்கு இல்லை.

இதை நட்சத்திரங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். முப்பது வயதுச் சாதனையாளரைப் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து ஆண்டுகள் கையில் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை பதினாறு வயது நட்சத்திரத்தைப் பார்த்தால் ஆறு ஆண்டுகள். பதினைந்து வயதுப் பிள்ளை பதினைந்து வயது நட்சத்திரத்தைப் பார்த்தால்? ஒன்றுமே மிச்சமில்லை. "உன் வயசுதான்" என்று நாம் ஊக்கமாக நினைத்துச் சொல்லும் சொல், அந்தக் காதில் "உனக்கு ஏற்கெனவே தாமதமாகிவிட்டது" என்று விழலாம். அந்த நட்சத்திரம் ஐந்து வயதிலேயே தொடங்கியிருப்பார் என்ற விவரத்தையும் சேர்த்துச் சொன்னால் நிலைமை மோசமாகுமே தவிரத் தேறாது.

இன்னொரு கோணலும் இதோடு சேர்கிறது. பதினைந்து வயதில் வென்றவர்கள் மட்டும்தான் நமக்குத் தெரிகிறார்கள். அதே அளவு உழைத்து, எங்கும் பெயர் வராமல் போனவர்கள் கண்ணில் படுவதில்லை. இதற்குப் பிழைத்தவர் சார்பு என்று பெயர்: கரையேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஆறு ஆழமில்லை என்று முடிவுகட்டுவது.

ஆகவே பதின்ம வயது நட்சத்திரம் தன்னைவிட நாலைந்து வயது சின்னவர்களுக்கு நல்ல முன்மாதிரியாக அமைய வாய்ப்பு அதிகம். சம வயதினருக்கு அவர் பெரும்பாலும் ஒரு அளவுகோலாகத்தான் மாறுகிறார், அந்த அளவுகோலில் கிட்டத்தட்ட எல்லோரும் குட்டை.

நாம் பார்ப்பது யாருடைய நடத்தை?

முன்மாதிரி என்று சொல்லும்போது, அந்த நடத்தை அந்த ஆளுடையது என்று எடுத்துக்கொள்கிறோம். பதின்ம வயது நட்சத்திரங்கள் விஷயத்தில் இது சந்தேகம்தான். எந்த ஒப்பந்தம், எந்த உடை, எப்போது பேட்டி, எதைப் பற்றிப் பேசக்கூடாது என்பதில் பெரும்பகுதியைப் பெற்றோர், மேனேஜர், பயிற்சியாளர், விளம்பர நிறுவனம் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். திரையில் தெரியும் "தன்னம்பிக்கையுள்ள இளம்பெண்" ஒரு குழுவின் தயாரிப்பு.

சட்டங்கள் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. சார்லி சாப்ளினுடன் 1921-இல் நடித்து உலகப் புகழ்பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு தன் சம்பாத்தியத்தைத் தேடியபோது பெரும்பகுதி செலவாகிவிட்டிருந்தது. 1938-இல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939-இல் கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. இன்று அந்தச் சட்டப்படி வருமானத்தில் 15 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். குடும்ப வீடியோக்களில் தோன்றும் பிள்ளைகளுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும் என்று இல்லினாய் மாநிலம் கொண்டுவந்த சட்டம் 2024 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. தன் சம்பளத்தின் மேலேயே அதிகாரம் இல்லாத ஒருவரிடம் தலைமுறைக்கே வழிகாட்டச் சொல்கிறோம்.

விளையாட்டில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி ஜிம்னாஸ்டிக்ஸில் முழுமையான 10 புள்ளி வாங்கியபோது அவருக்குப் பதினான்கு வயது. இன்றைய விதிப்படி அந்த வயதில் அவர் ஒலிம்பிக்கில் இறங்கவே முடியாது, அந்த ஆண்டில் 16 வயதாவது நிரம்ப வேண்டும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின்போது, பதினைந்து வயதுப் பனிச்சறுக்கு நடன வீராங்கனை கமிலா வலியேவாவின் பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது வெளியானது. ஊக்கமருந்து விதிகளே 16 வயது நிரம்பாதவரைப் "பாதுகாக்கப்பட்ட நபர்" என்று தனியாகப் பிரிக்கின்றன. அப்போது எழுந்த பெரிய கேள்வியும் சுற்றியிருந்த பெரியவர்களைப் பற்றியதுதான். அதே ஆண்டு ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் கூட்டமைப்பு, மூத்தோர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து 17-ஆகப் படிப்படியாக உயர்த்த முடிவு செய்தது. வலியேவாவுக்கோ 2024 ஜனவரியில் நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. பாதுகாக்கப்பட வேண்டியவர் என்று விதி சொல்லியும், இறுதியில் உலகம் நினைவில் வைத்திருக்கும் பெயர் அவருடையது மட்டும்தான்.

பார்வையாளர் இருந்தால் மாறும் மூளை

முடிவெடுப்பதையும் ஆசையை அடக்குவதையும் கவனிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இது பலருக்கும் தெரிந்த செய்திதான். அவ்வளவாகத் தெரியாதது, கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 2005-இல் காட்டியது: கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றில், சம வயதினர் உடனிருந்தபோது பதின்ம வயதினர் தனியாக இருந்ததைவிட மிக அதிகமாகத் துணிச்சல் காட்டினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் பெரிதாக இல்லை.

சாதாரணப் பிள்ளைக்கு அந்தப் பார்வையாளர்கள் நாலைந்து நண்பர்கள், மாலையானால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நட்சத்திரத்துக்கோ லட்சக்கணக்கில், இருபத்துநாலு மணி நேரமும் உடனிருக்கிறார்கள். எந்த வயதில் பார்வையாளர்கள் தீர்ப்பை அதிகம் குலைப்பார்களோ, அந்த வயதிலேயே அவர்களை அளவில்லாமல் கொடுத்துவிட்டு, "கவனமாக நடந்துகொள், பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்றும் சொல்கிறோம். பார்க்கிறார்கள் என்பதுதானே அங்கே பிரச்சினையே.

சரி, ஆகலாமா கூடாதா?

திறமைக்கு முன்மாதிரியாக ஆகலாம், தாராளமாக. வாழ்க்கைக்கு முன்மாதிரியாக ஆக்குவது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம். நட்சத்திரத்தின் வாழ்க்கை இன்னும் பாதிகூட ஓடவில்லை, ஓடியதிலும் எவ்வளவு அவருடைய முடிவு என்று நமக்குத் தெரியாது. ரசிகருக்கோ அதில் காட்டப்படும் பகுதி மட்டும்தான் கிடைக்கிறது.

நட்சத்திரங்களை மாற்ற நம்மால் முடியாது. ரசிகர் வீட்டில் செய்யக்கூடியது சில உண்டு. பிடித்த நட்சத்திரத்தை மட்டம் தட்டுவது எதற்கும் உதவாது. நெருக்கம் ஒருதலையானாலும் உணர்வு நிஜம், பிள்ளை தன் நண்பரைத் திட்டியதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதில், "அவர் செய்வதில் எதை நீ செய்துபார்க்கப்போகிறாய்?" என்று கேட்கலாம். கிதார் என்று பதில் வந்தால் மூன்றாவது படிக்கு, அதாவது செய்ய முடிவதற்கு, வழி செய்துகொடுக்கலாம். அவரைப் போல் மெலிய வேண்டும் என்று பதில் வந்தால், பேச வேண்டிய விஷயம் எது என்று உங்களுக்கு அன்றே தெரிந்துவிடும்.

நட்சத்திரம் சறுக்கும் நாளில், "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்" என்பதைத் தவிருங்கள். தண்டனைக் காட்சி மட்டும் எதையும் அழிக்காது என்று மேலே பார்த்தோம். என்ன நடந்தது, அப்போது பக்கத்தில் எந்தப் பெரியவர் இருந்தார், யாருக்கு அதில் லாபம் என்று சேர்ந்து பேசலாம். அந்தப் பேச்சில் பிள்ளைகள் பெரும்பாலும் நம்மைவிடக் கூர்மையாக இருப்பார்கள், எந்த வீடியோ விளம்பரதாரருக்காக எடுத்தது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.